துப்பாக்கிக் குழலில் ஒரு குளவி

எங்கள் துப்பாக்கி சுடும் கிளப்பில் இப்போது யாருக்கும் வீட்டுக்குத் துப்பாக்கி கொடுப்பதில்லை. புதிய துப்பாக்கிகள் வந்துவிட்டன, விலையும் ஏறிவிட்டது, பூட்டி வைக்க இரும்பு அலமாரியும் வந்துவிட்டது. காரணம் அவ்வளவுதான். ஆனால் புதிதாகச் சேரும் பிள்ளைகள் கேட்டால் யாராவது குளவிக் கதையை எடுத்து விடுகிறார்கள். குளவி கொட்டி எங்கள் மேலாளரின் முகம் பூசணிக்காய் போல வீங்கியதாக ஒருவன் சொல்கிறானாம். நான் ஒரு மாமியாரின் காலில் விழுந்து குழலை வாங்கி வந்ததாக இன்னொருவன் சொல்கிறானாம். நான் காலில் விழுந்திருந்தால் என் முழங்கால் அன்றே போயிருக்கும். நடந்ததை நடந்தபடி எழுதித் தாருங்கள் என்று கிளப்புப் பிள்ளைகள் கேட்டார்கள். ரங்கூனில், தின்கன்ஜூன் வீட்டில் எனக்கும் பகலெல்லாம் வேறு வேலை இல்லை.

என் தொழில் துப்பாக்கி பழுது பார்ப்பது. இளம் வயதில் ரங்கூன் நகரத்துக்குள் ஒரு கடையில் கற்றுக்கொண்டேன். வேட்டைக்காரர்களின் துப்பாக்கிகள் வரும். துரு எடுப்பேன், கட்டை செதுக்குவேன், திட்டு வாங்குவேன். எண்பத்தெட்டுக் கிளர்ச்சிக்குப் பிறகு தனியார் கையில் துப்பாக்கி என்ற பேச்சே இல்லாமல் போனது. கடையை மூடிவிட்டார்கள். கொஞ்ச காலம் தையல் மெஷின் பழுது பார்த்தேன். அதற்கும் எண்ணெய், இதற்கும் எண்ணெய். ஆனால் தையல் மெஷினுக்கு முன்னால் யாரும் பயந்து நிற்பதில்லை, அதனால் எனக்கு அதில் மரியாதை குறைவாகத்தான் கிடைத்தது. பிறகு கிளப்பு மேலாளர் ஊ சான் லின் என்னைத் தேடி வந்தார். விளையாட்டுப் போட்டிக்கான காற்றுத் துப்பாக்கிகள் சில பழுதாகிக் கிடக்கின்றன, வந்து பார் என்றார். பார்க்கப் போனவன் ஓய்வு பெறும் வரைக்கும் அங்கேயே இருந்துவிட்டேன்.

ஊ சான் லினை நாங்கள் சயா என்போம். பர்மியர்கள் ஆசிரியரையும் மேலாளரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். முன்பு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியராக இருந்தவர். ஒல்லியான ஆள், வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத லொஞ்சி, நம்மூர்க் கைலி மாதிரி. நாள் முழுக்க வெற்றிலை மெல்லுவார். ஆனால் துப்பாக்கி சோதிக்கும் மேசைக்கு வரும் முன் துப்பிவிட்டு, குழாயடியில் வாய் கொப்பளித்துவிட்டுத்தான் வருவார். வாயில் வெற்றிலை இருந்தால் மனிதன் தலையாட்டுவானே தவிர வாய் திறந்து சொல்லமாட்டான் என்பது அவர் கட்சி. அவருடைய மேசையில் எல்லாவற்றையும் வாய் திறந்து சொல்ல வேண்டும். பர்மாவில் எதற்கெடுத்தாலும் "யா தே" என்போம். ஆச்சு, சரி, பரவாயில்லை, எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல். அந்தச் சொல்லை அவர் மேசைக்குப் பக்கத்தில் விடமாட்டார்.

"யா தேங்கிறது நீ நெனைச்சது. நான் கேக்கிறது நீ பார்த்தது. என்ன பார்த்த, சொல்லு" என்பார்.

சத்தம் போடமாட்டார். பதில் வரும் வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். அதற்குப் பதில் நாலு அடி அடித்திருக்கலாம்.

மழைக்காலத்தில் எங்கள் சுடுதளத்தின் கூரை ஒழுகும். பயிற்சி நடக்காது. அதனால்தான் நல்ல வீரர்களுக்கு மட்டும் துப்பாக்கியைப் பிரித்து வீட்டுக்குக் கொடுக்கும் வழக்கம் வந்தது. சுடுவதற்கு அல்ல. ரவை ஒன்றுகூட வெளியே போகாது. தூக்கிப் பிடித்து, சுவரில் வைத்த புள்ளியைப் பார்த்துக்கொண்டு ஆடாமல் நிற்பதற்கு மட்டும். குழலைத் தனியாகவும், கட்டையும் விசையும் சேர்ந்த உடலைத் தனியாகவும் இரண்டு துணிப்பைகளில் போட்டுக் கொண்டுபோக வேண்டும். குழல் இல்லாத துப்பாக்கி மரக்கட்டை, துப்பாக்கி இல்லாத குழல் வெறும் இரும்புக் குழாய். லைன் கார் என்கிற ஊர் பஸ்ஸில் யாரும் மிரளமாட்டார்கள்.

வீட்டில் பூட்டும்போது என்ன செய்ய வேண்டும் என்பதை நான்தான் ஒவ்வொருவருக்கும் அவரவர் வீட்டுக்கே போய்க் காட்டிக் கொடுப்பேன். ஏனென்றால் வீடு கிளப்பு மாதிரி இல்லை. துப்பாக்கியின் வாயை ஆளில்லாத பக்கம் வை என்று சொல்லிவிடலாம். தாமுவேயில் பலகைத் தடுப்பு வைத்த வரிசை வீட்டில் ஆளில்லாத பக்கம் எங்கே இருக்கிறது? இந்தப் பலகைக்குப் பின்னால் ஒருவர் சோறு தின்பார், அந்தப் பலகைக்குப் பின்னால் ஒருவர் தூங்குவார். அதனால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மணல் மூட்டை கொடுத்தோம். வாய் எப்போதும் மூட்டையைப் பார்த்திருக்க வேண்டும். முதலில் கைப்பிடியைத் திறந்து ரவை வைக்கும் இடத்தைக் கண்ணால் பார்க்கவேண்டும், பிறகு சுண்டு விரலால் தொட்டுப் பார்க்கவேண்டும். கண் ஏமாறும். அடுத்து குழல். பின்பக்கத்திலிருந்து கம்பியை விட்டால் அது முன்பக்கம் வெளியே எட்டிப் பார்க்க வேண்டும். கம்பி போகாத குழல் துப்பாக்கியில் ஏறக்கூடாது. அதன் பிறகு குழலை உடலோடு பிடித்து நிறுத்தும் வளையம், திருகாணிகள், முதலில் விரலால், பிறகுதான் சாவியால். கடைசியில் கட்டையின் அடியை உள்ளங்கையால் தட்ட வேண்டும். விசை தானாக நழுவக்கூடாது. எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும்.

குழலுக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்பவர்கள் உண்டு. காற்றுத் துப்பாக்கிதானே, வெடிக்கவா போகிறது? வெடிக்காது. ஆனால் அடைத்துக்கொண்ட குழலில் ரவை நின்றுவிடும். சுட்டவனுக்கு ஏன் போகவில்லை என்று தெரியாது. மனிதப் புத்தி என்ன செய்யும்? வாயைத் திருப்பி உள்ளே எட்டிப் பார்க்கும். அப்படி எட்டிப் பார்க்கப்போன ஒருவனின் சட்டைக் காலரை சயா பின்னாலிருந்து பிடித்து இழுத்ததை நான் கண்ணால் பார்த்தேன். அவன் கீழே விழுந்தான், கண் தப்பியது. அன்று சயா வெற்றிலை மடிக்க முடியாமல் என்னிடம் கொடுத்து மடிக்கச் சொன்னார்.

இனி கலாவின் விஷயம். தாமுவேயில் இருந்த தமிழ்ப் பெண். கிளப்பில் எல்லாருக்கும், பர்மிய வழக்கப்படி, மா கலா. இடது கைக்காரி. இடது கன்னத்துக்கு ஏற்றாற்போல் அவளுக்காக நானே ஒரு கட்டை செதுக்கிக் கொடுத்தேன். கல்யாணமாகியும் சுடுவதை விடாமல் வந்துகொண்டிருந்தாள். புருஷன் கணேசன் க்யிம்யிண்டைங் படகுத்துறையில் சரக்குக் கணக்கு பார்ப்பவன், நல்லவன். அம்மா பேசினாலும் தலையாட்டுவான், பெண்டாட்டி பேசினாலும் தலையாட்டுவான். மாமியார் சிவகாமி அக்கா தாமுவே சந்தையில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் விற்பவர். கல்யாணமாகிச் சில வருஷமாகியும் குழந்தை இல்லை. அதற்கு அக்கா கண்டுபிடித்த காரணம் துப்பாக்கி. அவ்வளவு கனத்தைத் தூக்கி நெஞ்சில் முட்டுக்கொடுத்துக்கொண்டு நின்றால் வயிற்றில் என்ன தங்கும் என்று சந்தையே கேட்கும்படி சொல்லுவார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அந்த மழைக்காலம் முடியட்டும், அதோடு நிறுத்து என்று கெடு வைத்திருந்தார். மழை முடிந்ததும் தேசிய அணிக்கான தேர்வு. கலா இதை என்னிடம் சொன்னபோது அழவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

தேர்வுக்கு முன்தினம் காலை, எல்லாரும் துப்பாக்கிகளைத் திருப்பிக் கொண்டுவந்து சோதனைக்கு வைக்க வேண்டும். கலா வெறுங்கையோடு வந்தாள்.

"துப்பாக்கி எங்கம்மா?"

"வீட்ல இருக்கு அண்ணே. அத்தை தரமாட்டேங்கிறாங்க. குழல்ல குளவி கூடு கட்டியிருக்கு."

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். அவளுக்குக் காய்ச்சல் வந்து படுத்திருந்த நாட்களில் குழல் பீரோ மேல் சும்மா கிடந்திருக்கிறது. சின்னக் குளவி ஒன்று மண் உருண்டையைத் தூக்கிக்கொண்டு போய் வந்து வாயை அடைத்துவிட்டது. வீட்டில் குளவி கூடு கட்டினால் அந்த வீட்டில் பிள்ளை பிறக்கும் என்பது நம்மவர்களில் எந்தப் பெண்ணுக்குத் தெரியாது? கூட்டை யாரும் கலைக்கமாட்டார்கள்.

"நீயாவது ஆரம்பத்துலேயே தட்டிவிட்டிருக்கலாமே?"

"பார்த்தேன் அண்ணே. மனசு வரலே" என்றாள். அவளுக்கும் ஆசை இருக்கும் என்பது எனக்கு அந்த நிமிஷம் வரை உறைக்கவில்லை.

லைன் கார் பிடித்துத் தாமுவே போனேன். சிவகாமி அக்கா சந்தைக்குப் போகாமல் வீட்டில் காவல் இருந்தார். சாமிப் படத்துக்குக் கீழே ஒரு பலகை, பலகைமேல் குழல், குழலின் நடுவில் மஞ்சள், குங்குமம். எனக்குத் தேநீர் கொடுத்தார். குழலைப் பற்றி நான் வாயெடுக்கும் முன் அவரே ஆரம்பித்தார்.

"தம்பி, இந்தத் துப்பாக்கியை நான் எத்தனை திட்டு திட்டியிருப்பேன். பாரு, வேற எடமே இல்லாத மாதிரி குளவி அதுலே போய் கட்டியிருக்கு. இதுக்கு மேல சாமி என்னத்தச் சொல்லும்? இனி இவ சுடட்டும். நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். ஆனா கூட்டைத் தொட்டீங்கன்னா இவ அந்தப் பக்கமே வரமாட்டா. சொல்லிட்டேன்."

அப்போதுதான் எனக்கு விஷயத்தின் முழு அளவு புரிந்தது. இத்தனை நாள் கலாவைத் தடுத்த மாமியார் இப்போது போகச் சொல்கிறார். போகச் சொன்ன காரணமே குழலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. கூட்டைக் கலைத்தால் மாமியாரின் சம்மதம் போச்சு. கலைக்காவிட்டால் துப்பாக்கி போச்சு. மறுநாள் காலை தேர்வு. இடது கைக்கு வேறு துப்பாக்கியும் கிடையாது.

"அக்கா, வேற குழல் ஒண்ணு கெடங்குல இருக்கு. அதைப் பூட்டிக்கிறோம். இந்தக் குழல் இங்கேயே இருக்கட்டும். ஒடம்பை மட்டும் குடுங்க."

அக்கா யோசித்தார். "நீ எடுத்துட்டுப் போவே. நாளைக்குக் குழல் சேரலேன்னு உங்க பர்மாக்காரரு இவளை வெளியே நிறுத்துவாரு. இங்கேயே என் கண்ணு முன்னால பூட்டிக் காட்டு. அப்புறம் குடுக்கிறேன்."

மாமியாரிடம் வரம் வாங்கியாயிற்று, இனிப் பூசாரியைக் கேட்க வேண்டும். கிளப்புச் சொத்தை ஒரு வீட்டில் விட்டுவிட்டு வர சயா சம்மதிப்பாரா? திரும்பிப் போய் அவர் முன்னால் நின்றேன். அவர் வாய் கொப்பளித்துவிட்டு வந்தார்.

"என்ன பார்த்த?"

"குழல் வாயில மண்ணு, சயா."

"உள்ளே?"

"தெரியாது."

"உயிர் இருக்குமா?"

"இருக்கும், சயா. புழுவா இருக்கும்."

சயா கையைக் கட்டிக்கொண்டார். "உயிர் இருந்தா கம்பி விடாதே. கம்பி விடாத குழலைப் பூட்டவும் பூட்டாதே" என்றார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு, "நானும் வர்றேன்" என்றார்.

மத்தியானம் நாங்கள் அந்த வீட்டுத் தரையில் உட்கார்ந்தோம். கலா மணல் மூட்டையைக் கொண்டுவந்து வைத்தாள். கிடங்கிலிருந்து எடுத்துவந்த குழலில் கம்பி விட்டேன். சுத்தமாக வந்தது. உடலில் செருகினேன். மயிரிழை ஆடியது. கிடங்குக் குழலின் வளையம் தேய்ந்திருந்தது. ஆட்டத்தை நான் சொல்லும் முன் சயா பார்த்துவிட்டார்.

"ஆடுது" என்றார். ஆடும் குழலோடு அந்தத் துப்பாக்கி நாளை சுடுதளத்துக்குப் போகாது. கெஞ்சிப் பயனில்லை.

கலா அந்தத் துப்பாக்கிக்கு உரிய வளையத்தைப் பார்த்தாள். அது குளவி இருந்த குழலில் இருந்தது. நாங்கள் எல்லாரும் சாமிப் படத்துப் பக்கம் திரும்பினோம். வழக்கமாக அந்த வளையத்தை மரச் சுத்தியால் தட்டித்தான் இளக்குவேன். தட்டினால் காய்ந்த மண் உதிர்ந்துவிடும். சிவகாமி அக்கா என் கையிலிருந்த சுத்தியைப் பார்த்தார்.

"தட்டப் போறியா?"

"இல்லேக்கா. எண்ணெய் விட்டு கையாலேயே திருப்புறேன். ஆனா யாராவது குழலை அசையாம பிடிக்கணும்."

கலா கை நீட்டினாள். அக்கா அவள் கையை ஒதுக்கிவிட்டு, முந்தானையைச் செருகிக்கொண்டு, தானே குழலை இரண்டு கையாலும் பிடித்தார். வருஷக் கணக்காகத் திட்டின சாமான். அன்றுதான் முதல் முறையாக அதன் வேலைக்குக் கை கொடுக்கிறார்.

"ஆடாம பிடிங்கக்கா."

"நான் பிடிச்சா ஆடாது. நீ ஆட்டாம கழட்டு."

எண்ணெய் விட்டுக் காத்திருந்தேன். துணியைச் சுற்றித் திருப்பினேன். நகரவில்லை. மறுபடி எண்ணெய். வியர்வை கண்ணில் இறங்கியது, துடைக்கக் கை இல்லை. கலா தன் முந்தானை நுனியால் துடைத்துவிட்டாள். பக்கத்து வீட்டில் யாரோ வானொலி வைத்தார்கள். சயா பலகைத் தடுப்பைத் தட்டி நிறுத்தச் சொன்னார். கடைசியில் வளையம் முனகிக்கொண்டு கொஞ்சம் கொடுத்தது, இன்னும் கொஞ்சம், பிறகு வந்துவிட்டது. மண் வாய் அப்படியே இருந்தது. அக்கா குழலைப் பலகையில் வைத்துவிட்டு, தன் கையிலிருந்த எண்ணெயை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "அப்பாடா" என்றார். நான் அதைவிடச் சத்தமாகச் சொன்னேன்.

வளையத்தைக் கிடங்குக் குழலில் ஏற்றிப் பூட்டினேன். கலாவை சோதிக்கச் சொன்னார் சயா. அவள் ஒவ்வொன்றாகச் செய்து வாய்விட்டுச் சொன்னாள். ரவை இடத்தில் ஒன்றும் இல்லை. விரலுக்கும் படவில்லை. கம்பி அந்தப் பக்கம் வந்தது. வளையம் ஆடவில்லை. தட்டியாச்சு, விசை நழுவவில்லை. சயா பர்மிய மொழியில் சிவகாமி அக்காவைக் கேட்டார், "நீங்க பார்த்தீங்களா?" சந்தையில் பர்மியர்களோடு பேரம் பேசியே வாழ்ந்த அக்கா அதே மொழியில் பதில் சொன்னார், "பார்த்தேன். நல்லாத்தான் செய்றா." மருமகளை அவர் பாராட்டி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று இருந்த வீடு அது.

மறுநாள் தேர்வில் கலா பழகாத குழலோடுதான் சுட்டாள். முதல் சில ரவைகள் கொஞ்சம் ஒதுங்கின. அவள் நிறுத்தி, துப்பாக்கியை இறக்கி, மூச்சு வாங்கி, குறிக்காட்டியைத் திருத்திக்கொண்டாள். நான் பின்னால் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். அணியில் கடைசி இடம் அவளுக்குக் கிடைத்தது. கடைசி இடமும் இடம்தான். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை, சந்தோஷத்தில்.

அதன் பிறகுதான் உண்மையான கவலை வந்தது. குளவி எப்போதும் அங்கேயே இருக்குமா? குஞ்சு பறந்துவிடும். பறந்த பிறகும் வீட்டில் நல்ல செய்தி இல்லையென்றால் அக்கா என்ன சொல்வார்? கலா ஒவ்வொரு வாரமும் வரும்போது நான் அவள் முகத்தைப் பார்ப்பேன். "இன்னும் இருக்கு அண்ணே" என்பாள். குளவி இருக்கும் வரை அவளும் இருப்பாள் என்ற மாதிரி ஆகிவிட்டது. எனக்குக் குளவிமேல் ஒரு பாசமே வந்துவிட்டது. ஒரு நாள், "ஓட்டை போட்டுக்கிட்டுப் போயிடுச்சு" என்றாள். அவள் வயிற்றில் ஒன்றும் இல்லை என்பதை அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அன்று அவள் சரியாகவே சுடவில்லை.

சில நாள் கழித்து ஒரு காலையில் சிவகாமி அக்கா கிளப்பு வாசலில் வந்து நின்றார். கலா சுடுதளத்துக்குள் இருந்தாள். மாமியாரைப் பார்த்ததும் துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டு அப்படியே நின்றுவிட்டாள். அக்காவின் இடுப்பில் ஒரு கட்டு முருங்கைக்காய். மேசைக்கு வந்து கயிற்றை அவிழ்த்தார். முருங்கைக்காய்களுக்கு நடுவில் குழல் இருந்தது. அதை மறைத்து லைன் காரில் கொண்டுவந்த விதம் அது. சயா சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் பார்த்தது குறைவு.

"வேற என்னத்துலே வைக்கிறது? நீளமா இருக்குதே" என்றார் அக்கா. குழலின் வாயில் மண் விளிம்பும் ஒரு சின்ன ஓட்டையும் இருந்தன. மஞ்சள் பொட்டு பாதி அழிந்திருந்தது.

எனக்குக் கேட்கப் பயம். கலா பக்கத்தில் வந்து தலையைக் குனிந்து நின்றாள். குழலைக் கொடுத்துவிட்டு மருமகளைக் கூட்டிப்போகத்தான் வந்திருக்கிறார் என்றே மூவரும் நினைத்தோம்.

அக்கா கலாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துப் பேசினார்.

"இவ சொன்னா, அந்தப் புதுக் குழல் கையில சரியா உட்காரலேன்னு. என்கிட்ட சொல்லமாட்டா, கணேசன்கிட்ட சொன்னது என் காதுல விழுந்தது. குளவி போயிடுச்சு, இது இனி எதுக்கு வீட்ல? நல்லா மண்ணை எடுத்துட்டு, கம்பி விட்டு, இதையே மாட்டிக் குடு தம்பி."

"அக்கா..." என்றேன்.

"பிள்ளை வர்றப்ப வரட்டும். அதுக்கு இது என்ன பண்ணும் பாவம்" என்று குழலைத் தட்டிக் காட்டினார். பிறகு மருமகள் பக்கம் திரும்பி, "என்னடி நிக்கிறே? அடுத்த போட்டி எந்த ஊருல? எனக்கு ஒரு வார்த்தை சொன்னியா நீ?" என்று அதட்டினார்.

கலா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அக்கா முருங்கைக்காய்களை மறுபடி கட்டினார். பாதியைப் பிரித்து சயாவின் மேசைமேல் வைத்தார். பிறகு ஓரமாக இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்து, மருமகள் சுடுவதைப் பார்க்க வேண்டும் என்றார்.